இயக்குநர் வந்தால்தான் விடியும்

ரயில் பெட்டிகளைக் கழுவுகிற யார்டில் அவரை எல்லாரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு ராத்திரி வேலை. ஊர் பாய் விரிக்கிற நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் வீடு திரும்பி, மனைவி ஜன்னலில் கட்டிவைத்திருக்கிற கறுப்புப் போர்வையின் இருட்டில் விழுந்து, கட்டை மாதிரி தூங்குவார். மனைவி பகலில் ஒரு துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். இரண்டு பேரும் விழித்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். சண்டை போட நேரமில்லாததால் குடும்பம் நல்லபடியாக நடந்தது என்று அவளே சொல்வாள்.

ஒரு ராத்திரி, பெட்டியின் படிக்கட்டுத் தகடு பெயர்ந்து நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் இறங்கி, இடது கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டார். எலும்பு தெரிந்ததாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் அதிகம் உழைத்தது 'சரிங்க' என்ற ஒன்றுதான்.

அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புதிதாக உடற்காலப் பிரிவு என்று ஒன்று திறந்திருந்தார்கள். மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தோலும் சதையும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பழுதுபார்க்கும் வேலையில் இறங்குகின்றன. தூங்க வேண்டிய வேளையில் தூங்கி, வெளிச்சம் பட வேண்டிய வேளையில் பட்டால் காயம் சீக்கிரம் ஆறும். இதெல்லாம் படித்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஓர் உண்மை கையில் சிக்கியதும் அதற்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஓர் இயக்குநர், இயக்குநருக்கு ஒரு சுழல் நாற்காலி என்று வரிசையாக வந்தார்களே, தப்பு அந்த வரிசையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

சேர்க்கிற இடத்தில் நேர அலுவலர் என்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். காயம் எவ்வளவு ஆழம், எவ்வளவு ரத்தம் போனது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. காயம் பிறந்த நேரத்தைத்தான் கேட்டார். குழந்தைக்கு ஜாதகம் எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு துருவ மாட்டார்கள். ராத்திரி பட்ட காயம் என்று தெரிந்ததும் உச்சுக் கொட்டினார்.

"ராத்திரிக் காயம் ஆற நாளாகும். பகல்ல பட்டிருந்தா சட்டுனு மூடியிருக்கும். கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் நீங்க."

"சரிங்க" என்றார் ஆந்தை, அடுத்த தடவை பகலில் அடிபடுவதாக ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு ராத்திரிதான் பகல், பகல்தான் ராத்திரி, இத்தனை வருஷமாக இவர் உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது, பகலில் தூங்கவிட்டால் போதும், மற்றதை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னாள். நேர அலுவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆளுக்கொரு கடிகாரம் என்றால் ஆஸ்பத்திரியை நடத்த முடியாது, இங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே கடிகாரம்தான் என்றார்.

அந்த ஒரே கடிகாரம் எங்கே என்று வார்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அது இயக்குநர்தான்.

வார்டின் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே இருக்கிற சூரியன் ஒழுங்கில்லாதது, ஒரு நாள் மேகத்துக்குள் போகும், ஒரு நாள் முன்னால் வரும், அதை நம்பிக் காயங்களை ஒப்படைக்க முடியாது என்பது பிரிவின் கருத்து. அதற்குப் பதிலாகக் கூரை நெடுகிலும் கண் கூசுகிற விளக்குகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாசல் பக்கச் சுவரில் ஒரே ஒரு சுவிட்ச். திறப்பு விழாவில் அதைப் பெரிய மனிதர் ஒருவர் கையால் போட்டதிலிருந்து, பெரிய மனிதர் கையால் போட்டால்தான் விடியல் செல்லுபடியாகும் என்று வழக்கமாகிவிட்டது. சுவிட்சைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இயக்குநர் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.

ஆகவே தினமும் இயக்குநர் வருவார். தலைமை நர்ஸ், நேர அலுவலர், எடுபிடிகள் எல்லாரும் இருட்டில் வரிசையாக நிற்பார்கள். உட்கார முடிந்த நோயாளிகள் உட்கார வேண்டும். முடியாதவர்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் கொஞ்சம் பேசிவிட்டு, பெட்டியைத் திறந்து, சுவிட்சைப் போடுவார். விடிந்துவிடும். எல்லாரும் கை தட்டுவார்கள். அவர் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டால் விடியல் தள்ளிப்போகும். அவர் மாமனார் தவறிப்போன அன்றைக்கு விடியவே இல்லை. விடியாததால் காலை ஆகாரமும் வரவில்லை. பசிக்கிறது என்று ஒரு நோயாளி முனகியதற்கு, நடுராத்திரியில் பசிப்பது உடற்காலத்துக்கு விரோதம் என்று நேர அலுவலர் கண்டித்தார்.

ஆந்தைக்குப் பகல் முழுக்கக் கண்கள் செருகும். வார்டில் விழிப்பு உதவியாளர் என்று ஒருவர், நுனியில் ரப்பர் மாட்டிய கம்போடு சுற்றிக்கொண்டே இருப்பார். யாராவது கண்ணை மூடினால் தோளில் ஒரு தட்டு. விளக்கு அணைந்த பிறகு இன்னொருவர் வருவார். அவர் உறக்கக் கண்காணிப்பாளர். படுக்கை படுக்கையாகப் போய் முகத்தில் டார்ச் அடித்து, தூங்கிவிட்டீர்களா என்று கேட்பார். தூங்கிவிட்டேன் என்று பதில் சொன்னவர்களை மட்டும் தூங்கியவர்களாகச் சேர்த்துக்கொள்வார். பதில் சொல்லாமல் கிடந்தவர்களை மறுபடி எழுப்பிக் கேட்பார். ஆந்தை ஒவ்வொரு தடவையும் தூங்கிவிட்டதாகவே சொன்னார். பிரிவிலேயே நன்றாகத் தூங்குகிறவர் அவர்தான் என்று பெயர் வந்தது.

காயம் மட்டும் மூடவில்லை. அதன் ஓரங்கள் சாம்பல் நிறமாகி, நடுவில் ஈரம் காயாமல் நின்றது. கட்டு மாற்றும்போது அறுவை டாக்டர் ஓர் ஊசி முனையால் பாதத்தைக் குத்திப் பார்ப்பார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"அங்கயும் இல்லீங்க."

வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே என்று ஆந்தை நினைத்துக்கொண்டார். அது நல்லதில்லை என்று டாக்டர் அவருடைய மனைவியிடம்தான் சொன்னார். இந்த மாதம் முடிவதற்குள் சதை உயிர்பிடிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். அவள் ஓடிவந்து கணவரிடம் சொன்னபோது, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவர் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலைப் பற்றியோ பேசுகிறார்கள் போல அவருக்கு இருந்தது. தூக்கம் இல்லாத உடம்புக்குப் பயம்கூடச் சரியாக வராது. ஆனால் அவளுக்கு வந்தது. ஒற்றைக்காலோடு யார்டில் யார் வேலை கொடுப்பார்கள் என்பது அப்புறம். இந்த மனிதரை முழுசாக வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது மட்டும்தான் அவள் தலைக்குள் இருந்தது.

கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள். சுழல் நாற்காலியில் அவர் அவள் பக்கமாகச் சுழன்றார். அவள் சொன்னதையே மறுபடி சொன்னாள். பகலில் தூங்கவிடுங்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபமே வராதவர்.

"பாரும்மா. காயம் உன் புருஷனோடது. அதுல நான் பங்கு கேட்கல. ஆனா அது ஆறுற நேரம் இருக்கே, அது நிறுவனத்தோடது. நாளைக்கு எல்லாருடைய காயமும் அதது இஷ்டத்துக்கு ஆற ஆரம்பிச்சா, நாங்கல்லாம் எதுக்கு? காயம் ஆறுறது பெரிசில்ல. நாய்க்குக்கூட ஆறுது. நாங்க சொல்ற நேரத்துக்கு ஆறணும். அதுதான் விஞ்ஞானம்."

அவள் வெளியே வந்தாள். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது.

ஆந்தைக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு தபால்காரர் இருந்தார். வயிற்றில் அறுவை செய்தவர். வாழ்நாள் முழுக்க விடியலில் எழுந்து சைக்கிள் மிதித்தவர், இருட்டினால் தானாகக் கண் சொருகிவிடும். இயக்குநரின் கடிகாரமும் அவருடைய கடிகாரமும் ஏறக்குறைய ஒன்று. தையல் பிரிக்கிற நிலைக்கு வந்திருந்தார். வெளியாட்கள் பார்வையிட வந்தால் இயக்குநர் அவருடைய வயிற்றைத்தான் திறந்து காட்டுவார். தபால்காரரும் பெருமையாகவே சட்டையைத் தூக்குவார். "உங்களுக்கு ஒழுங்கு போதலைங்க. மனசு வச்சுத் தூங்கணும்" என்று ஆந்தைக்குப் புத்தியும் சொல்வார்.

இப்படி இருக்கையில், பூமிப் பந்தின் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரு நாட்டில், உடலின் அன்றாடத் தாளம் பற்றிய மாநாட்டில் பேச இயக்குநருக்கு அழைப்பு வந்தது. பிரிவே கோலாகலமாக இருந்தது. அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது: அவர் போய்விட்டால் யார் சுவிட்ச் போடுவது?

துணை இயக்குநர் இருந்தார். ஆனால் இயக்குநர் உயிரோடு இருக்கும்போது தான் விடியலைக் கொண்டுவருவது நன்றாக இருக்காது என்று ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு அந்த நாற்காலி மேல் கண் உண்டு என்பது ஊருக்கே தெரியும், அதனால்தான் ஒதுங்கினார். நேர அலுவலர், இயக்குநர் திரும்பி வரும்வரை ராத்திரியாகவே வைத்திருக்கலாம் என்றார். தலைமை நர்ஸ் மட்டும், விளக்கைப் போடுவதற்கு விரல் போதும் என்று மெதுவாகச் சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இயக்குநரே வழி சொன்னார். பெட்டிச் சாவியைத் துணை இயக்குநரிடம் விட்டுப்போவார். அங்கே அவருக்குப் பொழுது விடிந்ததும் போன் செய்வார். போனைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அவர் வாயால் 'விடியட்டும்' என்பார். துணை இயக்குநரின் விரல் சுவிட்சைத் தள்ளும். அந்த நொடிக்கு அது இயக்குநரின் விரலாகக் கருதப்படும்.

ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. ஒரே ஒரு சின்ன விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவருக்கு அங்கே விடிகிறபோது இங்கே இருட்டிக்கொண்டிருந்தது.

மறந்தது தெரிந்தபோதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சூரியனா இயக்குநரா என்று வந்தால் சம்பளம் தருகிற பக்கம்தானே நிற்க முடியும்? வெளியே ஊர் அடங்குகிற வேளையில் வார்டில் கை தட்டல் கேட்டு விளக்குகள் பளிச்சிட்டன. வெளியே காய்கறி வண்டிகள் ஓடத் தொடங்கிய வேளையில், அங்கே இயக்குநர் படுக்கப்போகும் முன் மறுபடி போன் செய்து, கொட்டாவி விட்டபடி வைத்ததும், வார்டு இருண்டது. கம்புக்காரரும் டார்ச்சுக்காரரும் தலைகீழாக வேலை பார்த்தார்கள். டார்ச்சுக்காரருக்குப் பகலில் தூக்கம் தாங்காமல், ஒரு நாற்காலியில் சாய்ந்து அவரே குறட்டை விட்டார்.

ஆந்தைக்கு அது வீடு மாதிரி இருந்தது. முதல் நாள் அந்தப் பகல் இருட்டில் கண்ணை மூடினவர், எழுந்தபோது வாயில் எச்சில் வழிந்திருந்தது. இரண்டொரு நாளில் முகத்தில் களை வந்தது. ஒரு வாரம் போவதற்குள் காயத்தின் ஓரங்களில் சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. ஒரு நாள் கட்டு மாற்றும்போது டாக்டர் வழக்கம்போல ஊசியால் குத்தினார். ஆந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வலிக்கிறது என்றார். சாயங்காலம் வந்த மனைவியிடம் தலைமை நர்ஸ் இதைச் சொன்னபோது அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவருக்கு வலிக்கிறது என்பதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது.

தபால்காரர் கதை வேறு. விடிகிற நேரத்தில் விளக்கை அணைத்தால் அவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? கண்கள் உள்ளே போயின. சாப்பாடு இறங்கவில்லை. மூடிக்கொண்டு வந்த தையல் வாய் சிவந்து, நீர் கோத்து, காய்ச்சல் கண்டது. ஆந்தையின் பக்கம் திரும்பி, "நான் மனசு வச்சுத்தாங்க தூங்கப் பாக்கறேன். எப்ப விடியுதுன்னே பிடிபடலை" என்றார். தன் காயம் மூடுகிற வேகத்தில் இவர் காயம் திறக்கிறது என்று ஆந்தைக்கு மங்கலாகத் தோன்றியது. அதற்காக வருத்தப்பட நினைத்தார், அதற்குள் தூங்கிப்போனார். தபால்காரரை ஒரு நாள் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, பிரிவின் வெற்றி சதவீதத்தைக் காப்பாற்ற மாற்றியிருக்கிறோம் என்று பதில் வந்தது.

இயக்குநர் மாலையும் கேடயமுமாகத் திரும்பி வந்தார். ஆந்தையின் கால் காயம் அப்போது ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இயக்குநர் அதைக் குனிந்து பார்த்து, நெஞ்சு விம்ம நிமிர்ந்தார். கடல் தாண்டி வந்த வெறும் குரலுக்கே சதை இப்படிக் கட்டுப்பட்டிருக்கிறது என்றால், தான் நேரில் நின்று விளக்குப் போட்டால் எப்படி ஆறும் என்று எல்லாரையும் நினைத்துப் பார்க்கச் சொன்னார். பொத்தான் அளவு ஓட்டையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது, மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது, அவர்கள் கண்முன்னால் மிச்சமும் மூடட்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து பழைய நேரத்துக்குச் சுவிட்சைப் போட ஆரம்பித்தார்.

மறுபடி கம்பு. மறுபடி டார்ச். பொத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தது. ஓரங்களில் சாம்பல் வந்து உட்கார்ந்தது. ஊசி குத்தினால் மறுபடி வலிக்கவில்லை. குழு வந்தபோது கட்டைப் பிரிக்க வேண்டாம், காற்றுப் படக்கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். குழு கட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனது.

பிறகு டாக்டர் நாள் குறித்தார். வரும் வாரம் முதல் நாள். காலை எடுப்பதையும் சரியான உடற்காலத்தில் செய்ய வேண்டும், இயக்குநர் விளக்குப் போட்ட கையோடு ஆரம்பித்தால் வெட்டுவாய் சீக்கிரம் ஆறும் என்று நேர அலுவலர் ஆறுதல் சொன்னார். ஆந்தை, "சரிங்க" என்றார்.

அன்றைக்கு முழுக்க அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கட்டுப் போட வந்த தலைமை நர்ஸிடம், "டைரக்டர் ஐயா மறுபடி எப்பம்மா வெளிநாடு போறார்?" என்றார்.

நர்ஸ் காலில் துணி சுற்றுவதை நிறுத்தினாள். இந்த வார்டில் ஒருவர் கேட்ட முதல் அறிவுள்ள கேள்வி அதுதான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"இனிமே போகமாட்டார். மேலிடத்து உத்தரவு வந்திருக்கு. அவர் இருந்தாத்தான் காயம் ஆறுதாம். ஒரு நாள்கூட ஊரை விட்டு அனுப்பக்கூடாதாம்."

மறுநாள் வார்டின் நட்டநடுப் பகலில் மனைவி வந்தாள். வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிய கறுப்புப் போர்வையை மடித்து அக்குளில் இடுக்கியிருந்தாள். பெரிய திட்டம் எதுவும் அவளிடம் இல்லை. கால் போவது போகத்தான் போகிறது, போகிற காலோடாவது இந்த மனுஷன் கொஞ்ச நேரம் இருட்டில் கிடக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தாள். ஒன்றும் பேசாமல் போர்வையை உதறி, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை அவர் மேல் போர்த்தினாள். பழகிய துணியின் வாசம் மூக்கில் ஏறியதும் அவர் உடம்பு அப்படியே தளர்ந்தது. அவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

கம்போடு வந்த விழிப்பு உதவியாளர் படுக்கையைக் கண்டதும் நின்றார். முகம்வரை மூடிய போர்வை. தலை குனிந்த பெண்பிள்ளை. கம்பை இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். செத்தவர்களை விழிக்கவைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லை. நேர அலுவலர் வந்து எட்ட நின்றபடியே, பகலில்தானே நடந்தது என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டார். பகல் சாவு பிரிவுக்குக் கௌரவம். ஆண்டாண்டு காலமாக ராத்திரியிலேயே உழன்ற மனிதர் கடைசியில் ஒழுங்குக்கு வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, இரங்கல் உரைக்கு இயக்குநரைத் தயார்ப்படுத்தப் போனார்.

தலைமை நர்ஸ் வந்தாள். அவள் கண்களுக்குப் போர்வை ஏறி இறங்குவது தெரிந்தது. மனைவி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மனைவியின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் இந்தப் படுக்கையில் ஒரு பிணம் இல்லை என்பது வார்டுக்கே கேட்டிருக்க வேண்டும். நர்ஸ் எடுபிடியைக் கூப்பிட்டாள்.

"ஸ்ட்ரெச்சர் கொண்டு வா. பிணவறைக்கு எடுத்துட்டுப் போ. மெதுவாத் தள்ளு, குலுக்காத."

பிணவறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. குளிர்ச்சி. பேச்சுச் சத்தம் கிடையாது. காவலாளி வயதானவர், போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு திரும்பினார்.

"இவரு மூச்சு விடுறாரேம்மா."

"விடுவாரு. தூங்குறாரு" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி. "சாயந்தரம் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் யோசித்தார். எத்தனையோ பேரை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், திரும்பக் கூட்டிப்போவதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. ஸ்ட்ரெச்சருக்கு மேலே எரிந்த பல்பை அணைத்துவிட்டு, "இங்க யாரும் வந்து எழுப்பமாட்டாங்க" என்று சொல்லி, அவள் உட்கார ஒரு முக்காலியைத் தள்ளினார்.

மேலே இயக்குநர் இரங்கல் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். கை தட்டுகிற சத்தம் கீழேவரை வரவில்லை. அவள் அவர் காலில் இருந்த கட்டைத் தளர்த்திவிட்டு, போர்வை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் குறட்டைவிட்டுத் தூங்கினார். சாயங்காலம்வரை அவள் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

அவர் கண் விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளைத் துணி மூடிய ஆட்கள் அசையாமல் படுத்திருந்தார்கள். இந்த வார்டில் ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"விடிஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்லீங்க, இருட்டிடுச்சு. எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்து, இடது காலை மெதுவாகத் தரையில் ஊன்றினார். முகம் சுருங்கியது. அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கால் வலிக்குது."

அவளுக்கு இத்தனை நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. "வலிக்கட்டும்" என்றாள்.